பூனைக்கு முதல் பங்கு

காலையில் எழுந்ததும் வாசல் பலகையில் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம். முகம் கழுவுவது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் காட்டெலி கிடக்கும். ஒரு நாள் தலையில்லாத பச்சைப் பல்லி. ஒரு நாள் வௌவாலின் ஒற்றைச் சிறகு மட்டும், நனைந்த குடைத்துணி மாதிரி பலகையோடு ஒட்டிக்கொண்டு. சில நாள் பலகை சுத்தமாக இருக்கும். அன்றுதான் பயப்பட வேண்டும். பிடித்ததை உயிரோடு உள்ளே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கருப்பையா அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் தேடப் போவார்.

"ரெண்டு மகளப் பெத்திருந்தாக்கூட இம்புட்டுக் கொண்டாந்து போட்டிருக்க மாட்டாளுக" என்பார்.

அந்த இரண்டு பூனைகளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரமும் நினைத்திருந்தேன். போன வாரத் தொடரில் வடக்கு அந்தமானின் மாயாபந்தர் வரை வந்து நின்றுவிட்டேன். இதைத் தாண்டிப் போக வேறு வழியில்லை.

ஒரே அச்சு

இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள். வெள்ளை உடம்பு, சாம்பல் வால், நெற்றியில் சாம்பலால் பூசினது போல ஒரு தீற்று. போர்ட் பிளேயரில் ஜங்லிகாட் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையின் பலகைக்கு அடியில் கண் திறக்காமல் கிடந்தவை. கருப்பையா அண்ணன் கூப்பு வேலைக்குக் கிளம்பியபோது ஒரு தகர டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, இரண்டையும் அதில் வைத்துப் படகேற்றினார்.

கூப்பு என்பது மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுத் துண்டு. மாயாபந்தருக்கு வடக்கே ஒரு கடற்கழி ஓரமாக எங்கள் கூப்பு இருந்தது. அங்கே அரிசிக்கு எங்களுக்கு முன்னால் எலிகள் வரிசையில் நின்றன. பூனை வைத்திருந்தவன் வீட்டில்தான் மாதக் கடைசியில் உலை கொதித்தது.

பெரியவள், சின்னவள் என்று பெயர். எது முதலில் பிறந்தது என்று யாருக்குத் தெரியும்? சின்னவளின் வால் நுனி முடிச்சுப் போட்டது மாதிரி மடங்கியிருக்கும். பிறவியிலேயே அப்படி. அடையாளம் அது ஒன்றுதான். வாலைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் பேதம் தெரியாது.

குணத்தில் பேதம் உண்டு. பெரியவள் காட்டுப் பக்கம் போவாள். சின்னவள் கடல் பக்கம். கழியோரத்துச் சதுப்பு மரங்களைத் தாண்டினால் ஒரு பாறைத் திட்டு. கடல் வற்றும் நேரத்தில் அதன் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். வழி தவறிய மீன் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். சின்னவள் குழி ஓரத்தில் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருப்பாள். திடீரென்று கையை விட்டு ஒரே வாரு.

பிடித்ததை அங்கேயே தின்னலாம். தின்னமாட்டார்கள். அத்தனை தூரம் கவ்விக்கொண்டு வந்து, அண்ணனின் மனைவி முத்துராக்கு மதினியின் காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். "நல்ல பிள்ள" என்று மதினி சொன்னால்தான் நகர்வார்கள்.

ஒருமுறை பெரியவள் ஒரு சாண் நீளப் பூரானை உயிரோடு கொண்டுவந்து பாயில் விட்டாள். அது மதினியின் கையில் கடித்துவிட்டது. முழங்கை வரை வீங்கி, இரண்டு நாள் அந்தக் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே சமைத்தாள். பூனையை அடிக்கப் போன என்னைத் தடுத்தாள்.

"விடு தம்பி. அது நமக்குன்னுதான கொண்டாந்துச்சு."

நான் அங்கே போன விதம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். கப்பலின் அடித்தட்டில் வாந்திக்கு நடுவே படுத்து வந்ததையும் எழுதியாயிற்று. வந்த பிறகும் ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. பாம்பூஃப்ளாட்டில் படகுத்துறையில் மூட்டை தூக்கினேன். பிறகு டெலானிபூர் மேட்டில் சர்க்கார் குடியிருப்புகள் கட்டும் இடத்தில் கல் உடைத்தேன். எங்கேயும் எட்டு மாதத்தைத் தாண்டியதில்லை.

கருப்பையா அண்ணனை டெலானிபூரில்தான் பார்த்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ரம்பத்துக்குப் பல் தீட்டுவது தொழில். அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி, ராவியதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த பல்லுக்குப் போவார். நூற்றிருபது பல் இருந்தால் நூற்றிருபது தடவை நகம். எதையும் சோதிக்காமல் செய்யமாட்டார். தண்ணீரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"உன் காலுக்குள்ள என்னமோ பூச்சி இருக்குடா. என்கூடக் காட்டுக்கு வா. அங்கிட்டிருந்து ஓட வழி கிடையாது, படகு வந்தாத்தான் உண்டு" என்றார்.

அப்படித்தான் போனேன். அவருக்குக் கால் நட்டு உயர்த்திய தனிக் குடிசை தந்திருந்தார்கள். அதன் ஓரச் சாய்ப்பில் நான் படுத்துக்கொண்டேன். சாப்பாடு அவர்களோடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்று மதினி ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் வந்ததில்லை.

படகு வராத மாதம்

அந்த வருஷம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. ரேஷன் படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வர வேண்டியது. ஒரு தவணை தப்பியது. அடுத்த தவணையும் தப்பியது. பருப்பு தீர்ந்தது, கருவாடு தீர்ந்தது, வெங்காயம் தீர்ந்து அதன் சருகும் தீர்ந்தது. புழுத்த அரிசியும் உப்பும் ஒரு பானைப் புளியும் மிச்சம்.

காட்டில் பன்றி இருந்தது, பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடித்தார்கள். கடலில் மீன் இருந்தது. ஆனால் நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். கண்மாய்க் கெளுத்தியும் குரவையும் தெரியும். இங்கே நீலத்தில் ஒன்று, மஞ்சள் பட்டையில் ஒன்று, கொம்பு வைத்து ஒன்று. எது மீன், எது விஷம்? தெலுங்குக்காரர் ஒருவர் பாறையில் ஒட்டியிருந்த எதையோ பெயர்த்துத் தின்றுவிட்டு நாலு நாள் கழிந்துகொண்டு கிடந்தார்.

அப்போதுதான் சின்னவளின் மீன்கள் எங்கள் கண்ணில் பட்டன.

முறையைச் சொன்னவர் கருப்பையா அண்ணன்தான். பூனை கொண்டுவருகிற மீனைக் காலையில் ஆய வேண்டும். குடலும் தலையும் சின்னவளுக்கு. அவள் கண்ணெதிரே தின்ன வேண்டும். மத்தியானம் கூப்புக் கணக்கெழுதும் முன்ஷியின் கொட்டகையில் தண்டவாளத் துண்டை அடிக்கும் வரை பொறுக்க வேண்டும். மணி அடிக்கும்போது பூனை நன்றாக இருந்தால் இலை போடலாம். நன்றாக இல்லையென்றால் குழம்பைச் சட்டியோடு புதைத்துவிட வேண்டும்.

இருபது நாளுக்குமேல் அப்படித்தான் தின்றோம். பக்கத்துக் குடிசைகளிலிருந்து வந்து, "இன்னைக்கு உங்க மக என்ன கொண்டாந்தா?" என்று கேட்பார்கள். ஒரு துண்டு அவர்களுக்கும் போகும். நாலு பேர் பூனையைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். விளையாட்டாகத்தான். ஆனாலும் கும்பிட்டார்கள்.

மீன் தின்னத் தின்ன மதினியின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அண்ணன் மலேரியாவில் பதினைந்து நாள் கிடந்து எழுந்திருந்தார். அவருக்கும் அதுதான் மருந்து.

கட்டுவிரியன்

இதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிறகு நடந்தது புரியாது.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெரியவள் ஒரு பாம்பைக் கொண்டுவந்தாள். கறுப்பில் வெள்ளை வளையம். கழுத்துக்குக் கீழே கடித்திருந்தாள், ஆனால் சாகவில்லை. மதினி அடுப்புக்குக் குனிந்தபோது அது விறகுக்கு நடுவே அசைந்தது. கருப்பையா அண்ணன் அடித்துக் கொன்றார்.

ராஞ்சிக்காரன் சுக்ரா வந்து பார்த்தான். கூப்பில் பாதிப் பேர் ராஞ்சிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குப் பாம்புக்கடி பார்க்கிறவன் இவன்தான். கரைத் என்று அதன் பெயரைச் சொன்னான், நம் ஊர்க் கட்டுவிரியன். கடித்தால் வலிக்காது, வீங்காது, கண்ணிமை விழும், மூச்சு நிற்கும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, இது ஜோடியாகத்தான் வரும், இன்னொன்று இங்கேதான் எங்கோ இருக்கிறது என்றும் சொன்னான்.

அன்றிலிருந்து கூப்பு முழுவதும் ஜோடிப் பாம்புப் பேச்சுதான்.

அன்று

என் கணுக்காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, புரையோடி, கால் வைக்க முடியாமல் இருந்தது. வேலைக்குப் போகவில்லை. அண்ணனுக்கும் மழையில் பட்டறை வேலை இல்லை.

காலையில் கடல் வற்றியபோது சின்னவள் ஒரு மீன் கொண்டுவந்தாள். போட்டுவிட்டு மறுபடி போய் இன்னொன்று கொண்டுவந்தாள். ஒரே நடையில் இரண்டு மீன் அதற்கு முன்பு கிடைத்ததில்லை. இரண்டும் ஒரே சாதி. ஒரு சாண் நீளம். செதில் இல்லை. வயிறு வெள்ளையாகத் தொளதொளவென்று. பல், கிளி மூக்கு மாதிரி. தோல் தடித்து, உரித்தபோது சட்டை கழற்றுவது போலக் கழன்று வந்தது. உள்ளே இரண்டிலும் சினை நிறைந்திருந்தது.

"கொழுத்த மீனு" என்று மதினி சிரித்தாள். குடலையும் தலையையும் சின்னவளுக்குப் போட்டாள். அவள் உறுமிக்கொண்டே தின்றதை மூன்று பேரும் பார்த்தோம்.

அண்ணன் என்னிடம், "நீ சும்மாதான இருக்க. பூனையப் பாத்துக்க" என்றார். மதினியிடம், "தம்பி சொன்னப்பொறம் சோத்தப் போடு" என்றார்.

நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். சின்னவள் மீசையை நக்கினாள். பிறகு குடிசைக்கு அடியில் போய்ப் படுத்தாள். முன்ஷி கொட்டகையில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சில நாள் தமிழ்ப் பாட்டு கேட்கும். கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். பாட்டு வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. அந்த இரைச்சலையும் மணி அடிக்கும் வரை உட்கார்ந்து கேட்டேன்.

திரும்பியபோது விறகு அடுக்கின்மேல் வெள்ளைப் பூனை உட்கார்ந்திருந்தது. வாலைச் சுருட்டி அடியில் வைத்திருந்தது. என்னைப் பார்த்துப் பசியில் கத்தியது. இரண்டு மீனின் குடலைத் தின்ற பூனை எதற்குப் பசியில் கத்த வேண்டும்? அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

"பூன எப்படிடா?" என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்டார்.

"உக்காந்திருக்குண்ணே."

மதினி இலை போட்டாள். சினையை எண்ணெயில்லாமல் சட்டியில் புரட்டி, அப்படியே அண்ணனுக்கு வைத்தாள். காய்ச்சலில் கிடந்த உடம்பு என்று எனக்குக்கூடத் தரவில்லை. எனக்குக் குழம்பும் ஒரு துண்டும். மதினி எப்போதும் கடைசியில் தின்பவள். அவள் பங்கு சட்டியில் இருந்தது.

கை கழுவி அரை மணி ஆகியிருக்காது. அண்ணன் எழுந்தவர் உட்கார்ந்தார்.

"கால் யாரோடதோ மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு வாந்தி. பிறகு நாக்குத் தடித்துப் பேச்சு குழறியது. கை மடியில் விழுந்தது. மறுபடி தூக்க முடியவில்லை. கண்ணிமை பாதியில் நின்றது. அவர் கணுக்காலுக்குமேல் ஒரு பொட்டு ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. காலையில் அட்டை கடித்த இடம். எங்கள் எல்லோர் காலிலும் அப்படி நாலைந்து இருந்தது.

மதினி வெளியே ஓடினாள். சுக்ரா வந்தான். இமையைத் தூக்கிப் பார்த்தான், ரத்தப் பொட்டைப் பார்த்தான். "சாம்ப் காட்டா" என்றான். பாம்பு கடித்திருக்கிறது. யாருக்கும் சந்தேகமில்லை. ஜோடிப் பாம்பு.

பலகைக்கு அடியில்

பாம்பைத் தேடச் சொன்னான் சுக்ரா. சிலர் கூரை ஓலையைப் பிரித்தார்கள். சிலர் விறகைக் கலைத்தார்கள். நான் கால் புண்ணோடு குடிசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். என் உதடும் விரல் நுனியும் அதற்குள் மரத்து, எறும்பு ஊறுவது போலிருந்தது. பயத்தில் அப்படி ஆகிறது என்று நினைத்தேன்.

மூலைத் தூணுக்குப் பின்னால் சின்னவள் கிடந்தாள். வாய் திறந்து, பக்கத்தில் கக்கியது கிடந்தது. தொட்டேன், விறைத்திருந்தது. மணி அடிப்பதற்கு ரொம்ப நேரம் முன்பே செத்திருக்கிறது. வால் நீட்டியிருந்தது. நுனியில் முடிச்சு.

எல்லாம் அங்கேயே புரிந்துவிட்டது. மெல்ல மெல்ல அல்ல, ஒரே அடியாக.

தலைக்கு மேலே பலகை இடுக்கில் ஆட்களின் கால்கள் தெரிந்தன. யாரோ கல்லில் கத்தி தீட்டுகிற சத்தம். சுக்ரா நெருப்புக் கேட்டான். இன்னும் அறுக்கவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். மீன், பாம்பு இல்லை என்று இரண்டு சொல். சொன்னால் அடுத்த கேள்வி, பூனையைப் பார்த்துக்கொண்டவன் யார் என்பது. அதனால் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன்: பாம்பு பூனையையும் கடித்திருக்கலாம். அதை நம்பவில்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

காலால் சின்னவளைத் தூணுக்குப் பின்னால் தள்ளி, மேலே சருகை இழுத்துவிட்டேன். வெளியே வந்தேன்.

"அடியில ஒண்ணுமில்ல" என்றேன்.

அரம்

முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டினார்கள். கால் கறுத்தது. சுக்ரா அட்டைக் கடியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கிழித்து, பிழிந்து, வாயால் உறிஞ்சித் துப்பினான். அவன் மேல் குற்றமில்லை. தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் உறிஞ்சினான். பிறகு சூடு. சூடு வைக்க இரும்பு தேடியபோது அண்ணனின் அரமே கையில் கிடைத்தது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் காயத்துக்குள் வைத்தார்கள். ஒரு முறை அல்ல.

அவர் உடம்பில் ஒரு நரம்பு அசையவில்லை. ஆனால் பாதி மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இரண்டு பக்கமும் காது வரை வழிந்தது.

"விஷம் எறங்குது" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். மதினி அந்தக் கண்ணீரை முந்தானையால் துடைத்துத் துடைத்து, "எறங்குது, எறங்குது" என்றாள்.

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அசையாதவரைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்பே மூச்சு நின்றது.

வலைக்காரர் சொன்னது

ஏழெட்டு வருஷம் கழித்து ஜங்லிகாட்டில் ஒரு வலை பின்னுபவரிடம் கொஞ்ச காலம் இருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், சவரிமுத்து என்று பெயர். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, கிளி மூக்குப் பல், செதில் இல்லை, தோல் சட்டை மாதிரி உரியும், அது என்ன மீன் என்று கேட்டேன்.

"பேத்தை" என்றார். "எங்கூருல சின்னப் புள்ளையளுக்கும் தெரியும்ல. கரையில கெடந்தா காலால எத்தி விளையாடுவானுவ. அத எவம்ல திம்பான்?"

கடல் தெரியாதவன் தின்பான். நான் அதைச் சொல்லவில்லை. தின்றால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். அவருடைய மாமா ஒருவர் தெரியாமல் தின்று, ஒரு நாள் முழுவதும் கிடந்து, பிழைத்தாராம்.

"ஒரு விரல அசைக்க ஏலாது. ஆனா காது கேக்கும். தொட்டா தெரியும். பெட்டி செய்ய அளவு எடுத்தத எல்லாம் கேட்டுக்கிட்டே கெடந்தாராம்."

அன்று சாயங்காலமே சவரிமுத்துவின் வேலையை விட்டேன். காரணம் சொல்லவில்லை.

மறுநாள்

காலையில் மழையோடு குழி வெட்டினோம். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. டப்பாவால் இறைத்துக்கொண்டே இறக்கினோம்.

குளித்துவிட்டுக் குடிசைக்குத் திரும்பியபோது ஒரு ராஞ்சிப் பெண் கொஞ்சம் கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிரித்த கூரை வழியாக மழை ஒழுகியது. மதினி முந்தின நாள் காலைக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை. கஞ்சியை முன்னால் வைத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்தாள்.

அது கெட்டுப்போயிருக்கும், கொட்டிவிடலாம் என்றேன்.

"புளி ஊத்துனது, கெடாது. எழவு வீட்டுச் சட்டிய உடைக்கணும்தான். உடைக்கிறேன்." மூடியைத் திறந்தாள். "அவரு கடைசியா ருசிச்சுத் தின்னது இது. ஒரு வாய் தின்னுட்டு உடைக்கிறேன்."

துண்டைக் கையில் எடுத்தாள்.

அப்போதும் என் வாய் திறக்கவில்லை. எழுந்தேன், புண்ணுக்காலைத் தடுக்கியது போல வைத்து, அவள்மேல் சரிந்து விழுந்தேன். சட்டி கவிழ்ந்து உடைந்தது. கையிலிருந்த துண்டு பலகையில் விழுந்தது. குழம்பு முழுவதும் என் காலில்.

அவள் திட்டவில்லை. "பாத்து வரக்கூடாதா" என்று மட்டும் சொன்னாள். இடுக்கில் வழிந்த குழம்பைப் பார்த்தபடி இருந்தாள்.

மீன் வாசனைக்குப் பெரியவள் வந்தாள். நேராக அந்தத் துண்டுக்குப் போனாள். நான் ஒரு விறகை எடுத்து வீசினேன். அவள் ஒதுங்கி மறுபடி வந்தாள். மறுபடி வீசினேன். அந்தத் துண்டை எடுத்து இடுக்கு வழியாகக் கீழே போடப் போனவன், கீழே போனாலும் பூனைக்குத்தான் கிடைக்கும் என்று என் மடியில் கட்டிக்கொண்டேன்.

மதினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூனைய ஏன் வெரட்டுற?"

நான் மடி முடிச்சை இறுக்கினேன்.

அவள் பெரியவளின் வாலைப் பார்த்தாள். நிமிர்ந்த வால். நேரான நுனி.

"சின்னவ எங்க?"

"அடியில கெடக்கு மதினி. செத்துப்போச்சு."

அவள் உதடு அசைந்தது. எதையோ முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மீன், பூனை, மணி, இலை. பிறகு அவள் பார்வை மூலையில் கிடந்த அரத்துக்குப் போனது. அதில் கருகிய தோல் ஒட்டியிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

"எப்பப் பாத்த?"

"இப்பத்தான். குழி வெட்டிட்டு வந்தப்ப."

"அவரு காலச் சுடையில உனக்குத் தெரியாதுல்ல?"

என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் வேண்டியிருந்ததோ என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து ஆறுதல் தேடியிருக்கிறேன். அது ஆறுதல்தான், உண்மை இல்லை.

"தெரியாது மதினி."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப" என்றாள்.

பிறகு என் காலைப் பார்த்தாள். புண்ணுக்குள் புளியும் மிளகாயும் இறங்கி நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவள் தண்ணீர் எடுத்து வந்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கழுவினாள். கொடியில் அண்ணனின் வேட்டி ஈரமாகத் தொங்கியது. அதில் ஒரு கரையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள்.

"வலிக்குதா தம்பி?"

நான் காலை அசைக்காமல் வைத்திருந்தேன்.